நடக்கிறவர் யார் என்று பார்க்காமல் போடும் பாதை: வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடியற்காலை ஐந்து மணிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை ஓரமாக நின்று பாருங்கள். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் ஷேர் ஆட்டோ தேடி வேகமாக நடப்பார்கள். கேரியரில் ஐஸ் பெட்டி கட்டிய சைக்கிள்கள் போகும். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று தண்ணீர் சொட்டச் சொட்ட நடுவில் புகுந்து போகும். இத்தனை பேரில் ஒருவர்கூட வாக்கிங் போகவில்லை. எல்லோருக்கும் அது பிழைப்பு.

நான் கட்டட வரைபடம் போடுகிறவன். வீடு தண்டையார்பேட்டை. வேலைக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். நடைபாதை, சைக்கிள் பாதைத் திட்ட வரைபடம் எது கண்ணில் பட்டாலும் விடாமல் பார்ப்பது தொழில் பழக்கம். அந்தப் படங்களில் நடக்கிற மனிதர் எப்போதும் கைவீசிக்கொண்டு, அவசரமே இல்லாமல், காற்று வாங்கப் போகிறவராகவே இருக்கிறார். தலையில் சுமை இருக்காது, இடுப்பில் குழந்தை இருக்காது. முக்கால்வாசித் தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

கொள்கைக்கு ஒன்றும் குறைவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அளவுகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிமுறைகள் இருக்கின்றன. அந்த அளவுகள் பிளாட்பாரத்துக்கு வந்து சேரும்போது என்ன ஆகின்றன என்பதுதான் விஷயம்.

தப்பான நேரத்தில் தலை எண்ணுவது

எந்தத் திட்டமும் ஆள் எண்ணிக்கையில் தொடங்கும். பெரும்பாலும் காலை எட்டிலிருந்து பத்து, மாலை ஐந்திலிருந்து ஏழு. ஆபீஸ் போகிற ஊருக்கு அது சரி. இங்கே மீன் வேலை முடிகிற நேரத்தில்தான் அந்தக் கணக்கு தொடங்குகிறது. மணலி, எண்ணூர்ப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆறு, இரண்டு, பத்து மணிக்குத்தான் ரோட்டுக்கு வருவார்கள்.

மாதத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது இன்னும் மோசம். மே மாதத்தில் எண்ணினால் பள்ளிக்கூடம் லீவு. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் போகும் மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு கடலுக்குப் போகாது, காசிமேட்டுக் கூட்டமும் பாதியாகிவிடும். அந்த எண்ணிக்கையை வைத்து "இங்கே சைக்கிள் பயன்பாடு குறைவு" என்று எழுதிவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அதுவே சாட்சி. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலைச் சுற்றி எண்ணுவதென்றால் பௌர்ணமி ஒரு நாளாவது போக வேண்டும். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் என்றால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. அன்று அங்கே கால் வைக்க இடமிருக்காது.

வடிகால் மூடியே பிளாட்பாரம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பிளாட்பாரத்தின் பாதி நோய் இதுதான். சென்னையில் பல தெருக்களில் நடைபாதை தனியாகக் கட்டப்படுவதில்லை. மழைநீர் வடிகாலைக் கட்டி, அதன் மேல் ஸ்லாப் போட்டு, டைல்ஸ் ஒட்டினால் அதுதான் நடைபாதை. ஆகவே பிளாட்பாரத்தின் உயரத்தை முடிவு செய்வது நடக்கிறவரின் முழங்கால் அல்ல, வடிகாலின் சுவர்.

விதிமுறைப்படி கெர்ப், அதாவது பிளாட்பாரத்தின் ஓரக் கல், அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு தெருவில் டேப் வைத்து அளந்தேன். ஓரிடத்தில் 38 சென்டிமீட்டர், அதாவது ஒன்றே கால் அடி. என் அம்மாவால் ஏற முடியாத உயரம். சக்கர நாற்காலிக்கான சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் போதும், 38 ஏற நாலரை மீட்டர் வேண்டும். அந்தத் தெரு முனையில் நாலரை மீட்டருக்கு இடம் ஏது? அதனால் சரிவே கிடையாது. சிமென்ட் குவித்து ஒரு மேடு மாதிரி பூசி, "ராம்ப்" என்று பில்லில் எழுதியாகிவிட்டது.

நான் குனிந்து அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த இட்லிக்கடை அக்கா, "இன்னா தம்பி, இவ்ளோ நேரமா அளக்கிற? போன வருசமும் ரெண்டு பேர் வந்து அளந்துட்டுத்தான் போனாங்க" என்றார். "அது வேற ஆளுங்கக்கா" என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

உயரம் மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் வண்டி இறங்க ஒரு சறுக்கு வெட்டுவார்கள். பத்தடிக்கு ஒரு வீடு உள்ள தெருவில் பிளாட்பாரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஆகிவிடும். மனிதர்கள் புத்திசாலிகள், ரோட்டில் இறங்கிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது தலைகீழ்: நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், வண்டிதான் ரோட்டோரத்துக் குறுகிய பட்டையில் ஏறி அதைக் கடந்து உள்ளே போக வேண்டும். பக்கத்துத் தெரு பிரியும் இடத்திலும் அப்படியே. அங்கே வண்டி மெதுவாகும் என்பது கூடுதல் லாபம்.

ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால், கெர்ப் தாழ்ந்து வீடு பள்ளத்துக்குப் போய்விடும். அடுத்த முறை வடிகாலை இன்னும் உயர்த்துவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிது போட வேண்டும் என்ற உத்தரவு இருக்கிறது. தெருவில் வேலை நடக்கும் நாளில் வீட்டுக்காரர்களே நின்று கேட்பது உத்தமம்.

இரும்புக் கம்பம் நட்டால் பைக் நிற்குமா?

பிளாட்பாரத்தில் பைக் ஏறாமலிருக்க முனையில் கம்பம் நடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். சக்கர நாற்காலி சிரமமில்லாமல் போக 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பைக்கின் ஹேண்டில்பார் ஏறக்குறைய 70 முதல் 80 சென்டிமீட்டர். நாற்காலி நுழைகிற சந்தில் பைக் தாராளமாக நுழையும். பைக்கைத் தடுக்கிற சந்தில் நாற்காலி மாட்டிக்கொள்ளும். கம்பம் கார் ஏறுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். பைக்கைத் தடுக்கக் கம்பிச் சுழல்கதவு வைத்த இடங்களில் அன்னக்கூடைப் பெண்கள் உள்ளே வருவதேயில்லை. கூடையை இறக்கி ஏற்ற இன்னொரு கை வேண்டுமே.

சைக்கிள் பாதையிலும் இதே கண்பார்வைக் குறைபாடு. ஒற்றை சைக்கிளை மனதில் வைத்து ஒன்றரை மீட்டர் விடுகிறார்கள். மீன்பாடி வண்டியும் கேன் தண்ணீர் போடும் டிரை சைக்கிளும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். அவற்றைத் தாண்டி ஒரு பள்ளிப் பிள்ளை போக வேண்டுமென்றால் இரண்டு மீட்டருக்குக் கீழே பேச்சே இல்லை. (மோட்டார் மாட்டிய மீன்பாடி வண்டியை இதில் விடலாமா என்பது தனிச் சண்டை. நான் விடக்கூடாது என்ற கட்சி. எதிர்க்கட்சி பலமானது.)

லாரி ரோட்டில் வெள்ளைக் கோடு

எண்ணூர் விரைவுச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். அப்படிப்பட்ட சாலையில் ஓரமாக ஒரு கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்து, அதைப் பாதை என்று சொன்னால் அது டிரெய்லர் நிறுத்த வசதியான இடமாகத்தான் முடியும். சைக்கிள்காரர் நிற்கிற லாரிக்கும் ஓடுகிற லாரிக்கும் நடுவில் போவார்.

வேகமும் பாரமும் அதிகமான சாலையில் பிரிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, டயர் ஏற முடியாததாக இருக்க வேண்டும். கெர்ப் கட்டி, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, பாதை தனியாக ஓட வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் கோடு போடாமல் விடுவதே நல்லது. பொய்யான பாதுகாப்பு, பாதுகாப்பில்லாததைவிட ஆபத்து. உள்தெருக்கள் வழியாக மாற்றுப் பாதை தேடலாம். இங்கே சைக்கிளில் போகிறவர்கள் பலர் ஏற்கெனவே அப்படித்தான் போகிறார்கள். வேகத்தடையும் சரியான விளக்கும் பெரிய ரோட்டைக் கடக்க ஒழுங்கான இடமும் கொடுத்தால் உள்தெருவே நல்ல சைக்கிள் பாதை.

லாரி ரோட்டில் உயிர் போகிற இடம் முனை. நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். கேபினுக்குப் பக்கத்தில் நிற்கிற சைக்கிள் டிரைவர் கண்ணில் படவே படாது. அங்கே முனையை அகலமாக வளைத்துவிட்டு "லாரி திரும்ப வசதி" என்பது, லாரி வேகமாகத் திரும்ப வசதி. முனையை இறுக்கமாக வைக்க வேண்டும், நிறுத்தக் கோட்டில் சைக்கிளுக்கு லாரிக்கு முன்னால் இடம் கொடுக்க வேண்டும், நடக்கிறவர் ஒரே மூச்சில் கடக்க வேண்டியிராமல் நடுவில் நிற்க ஒரு திட்டு கட்ட வேண்டும்.

சிக்னல் நேரத்தையும் பாருங்கள். நடையின் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது பொறியாளர்கள் வழக்கம். 14 மீட்டர் ரோட்டுக்குப் பன்னிரண்டு வினாடி. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருகிற வயதானவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் பதினேழரை ஆகும். அந்த ஐந்தரை வினாடியில்தான் ஹார்ன் அடிப்பார்கள்.

"அப்படியென்றால் நடைமேம்பாலம் கட்டுங்கள்" என்று யாராவது எழுந்து சொல்வார். லாரி போக அடியில் ஐந்தரை மீட்டர் விட வேண்டும், தளத்தின் கனத்தோடு ஆறு மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் படி என்றால் ஏற நாற்பது, இறங்க நாற்பது. லிப்ட் வைத்தால் அது ஓடுகிற வரைக்கும் சரி, அதுவும் உப்புக் காற்று அடிக்கிற ஊரில். பஸ் வந்துவிட்டதைப் பார்த்தவர் எண்பது படி ஏறி இறங்கமாட்டார். மேம்பாலம் நடக்கிறவருக்குக் கட்டுவது போலத் தெரியும். ரோட்டைக் காலி செய்து கொடுப்பது வண்டிக்குத்தான்.

ரயில் கோட்டில் முடிந்துபோகும் பாதை

வடசென்னையின் வரைபடத்தில் ரயில் பாதைகளை அழித்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கம்தான். அழிக்காமல் பார்த்தால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ் எல்லாம் தனித்தனித் தீவு. திட்டக்காரர்கள் தீவுக்குள் அழகான பாதை போடுவார்கள், தீவிலிருந்து வெளியே வரும் வழி வேறு துறையின் வேலை என்று விட்டுவிடுவார்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழையில் நிரம்பி மூடப்பட்டு வந்தது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு வண்டிக்காரர் சுற்றிப் போவார். நடக்கிறவர் தண்டவாளத்தைத் தாண்டுவார். பாதைக்கான பணத்தில் முதல் ரூபாய் இந்தக் கடவைகளுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி: சுரங்கப்பாதையில் ரோட்டைவிட உயரமான நடைத்தளம், படிக்கட்டின் ஓரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற ஒரு குழிவு, மழையிலும் எரிகிற விளக்கு.

மெட்ரோவும் இதில் சேர்த்தி. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தது பெரிய காரியம். ஸ்டேஷன் வாசலைத் தாண்டி முதல் முந்நூறு மீட்டர் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மக்கள் அதில் ஏறுவார்கள்.

பாண்டி பஜாரை நகல் எடுப்பது

2019-ல் தி. நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்ததிலிருந்து எல்லா வார்டிலும் "அதே மாதிரி" என்கிறார்கள். எம்.சி. ரோட்டுக்கு அது பொருந்தாது. அங்கே துணி மூட்டை வந்து இறங்க வேண்டும், ஏற்றிப் போக வேண்டும். அதற்கு நேரமும் இடமும் ஒதுக்காமல் ரோட்டைச் சுருக்கினால் மூட்டை பிளாட்பாரத்துக்கு வரும்.

கடைகளை அப்புறப்படுத்திவிட்டால் நடைபாதை கிடைத்துவிடும் என்பதும் அதே ரகம். தெரு வியாபாரிகளுக்கு 2014 சட்டம் பாதுகாப்பு தருகிறது என்பது ஒரு பக்கம். கடையை எடுத்த இடத்தில் மறுநாளே பைக் நிற்கும் என்பது இன்னொரு பக்கம். இரவு பத்து மணி ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்கு அந்த இட்லிக்கடையின் பல்ப்தான் தெருவிளக்கு. அங்கே விளக்குக் கம்பம் நடு ரோட்டுக்குத்தான் வெளிச்சம் போடுகிறது. 1.8 மீட்டர் நடக்க ஒதுக்கிவிட்டு, கெர்ப்பை ஒட்டிய பட்டையில் கடை, மரம், மின்பெட்டி, பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்தால் நடக்கிறவருக்கும் கடைக்காரருக்கும் இடம் இருக்கிறது. மரம் என்றால் பூவரசு, புங்கை, வேம்பு. கத்திரி வெயிலில் அழகுப் பனை நிழல் தராது.

கால்வாய்க் கரைப் பாதை பற்றி ஒரே வார்த்தை: ஓட்டேரி நல்லா கால்வாயிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கரையில் டைல்ஸ் போடும் முன், தூர்வாரப் பொக்லைன் எந்த வழியாக இறங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வேலை வரிசை. குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின் கேபிள், இணையக் கேபிள் நான்கும் தங்கள் பள்ளத்தை முடித்த பிறகுதான் டைல்ஸ் வர வேண்டும், இனி வரும் கேபிளுக்காக அடியில் காலிக் குழாயும் விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு மாதத்தில் வெட்டி, மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அளந்த அந்தத் தெருவில் இப்போது மூன்று இடத்தில் வெட்டியிருக்கிறது. இட்லிக்கடை அக்கா ஆடுகிற ஸ்லாப் மேல் ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறார், யாரும் மிதித்துவிடாமலிருக்க.