நெடுநாள் கவனிக்காமல் விட்ட செராமிக் கரி கிரில்லை முழுமையாகச் சுத்தம் செய்வது எப்படி?

மாதக்கணக்கில் மூடியே கிடந்த செராமிக் கிரில்லைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது ஊசிப்போன கொழுப்பின் வாடை. கம்பித்தட்டின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருக்கும். மூடியின் உட்புறத்தில் கறுப்புப் பொருக்குகள் உரிந்து தொங்கும். பெயின்ட் உரிகிறது என்று பலரும் எண்ணிக்கொள்வது இதைத்தான். உண்மையில் அது புகையும் கொழுப்பும் சேர்ந்து கருகிய படிவு. இந்தக் கோலத்தைப் பார்த்ததும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடித்துச் சோப்புப் போட்டுத் தேய்க்கத்தான் கை பரபரக்கும். ஆனால் இந்தக் கிரில்லுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

காரணம் எளிது. பளபளப்பான மெருகுப் பூச்சு செராமிக்கின் வெளிப்புறத்தில் மட்டுமே உண்டு. உட்புறம் நுண்துளைகள் நிறைந்தது; தண்ணீரையும் சோப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை நெருப்பு மூட்டும்போது உள்ளே தங்கிய நீர் ஆவியாகி வெளியேற முட்டும். சூடு வேகமாக ஏறினால் அந்த அழுத்தத்திலேயே செராமிக்கில் விரிசல் விழலாம். உறிஞ்சிய சோப்போ சூடேறும்போதெல்லாம் வாடையாக வெளிப்பட்டு உணவில் ஏறும். அடுப்பு சுத்தம் செய்யும் காரத் திரவங்கள், பிளீச்சிங் திரவம் ஆகியவற்றையும் இதே காரணத்துக்காக உட்புறத்தில் தொடவே கூடாது. இங்கே சுத்தம் செய்யும் வேலையில் பெரும்பங்கை நெருப்பே பார்த்துக்கொள்ளும். நெருப்புக்கு வழி திறந்துவிடுவதும், அது முடித்த பிறகு மிச்சத்தைத் துடைத்தெடுப்பதும்தான் நம் பொறுப்பு.

இதை ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். கிரில் எரிந்து முடித்த பிறகு ஓர் இரவு முழுவதும் தானாக ஆற வேண்டும் என்பதால், இரண்டு நாள் வேலையாக வைத்துக்கொள்வதே நல்லது.

தொடங்கும் முன்

நைலான் அல்லது நார் பிரஷ் ஒன்று, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டி, அலுமினியத் தாள், சாம்பல் அள்ளும் முறம், மூடியுள்ள உலோக வாளி, தடித்த கையுறை, முகக்கவசம் ஆகியவை போதும். காய்ந்த பூசணத்தைக் கலைத்தால் அதன் நுண்விதைகள் காற்றில் பறக்கும். ஆகவே முகக்கவசத்தைத் தவிர்க்க வேண்டாம். ஒவ்வாமையோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. கரி எரியும்போது மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வெளிப்படும் என்பதால், கிரில் திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்த கார் ஷெட்டும் திறந்த வெளி ஆகாது.

கை வைப்பதற்கு முன் மூடியையும் அடிப்பாகத்தையும் சுற்றி இறுக்கியிருக்கும் உலோகப் பட்டைகளைப் பாருங்கள். அவற்றின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் கனமான மூடி பட்டையிலிருந்து நழுவி விழக்கூடும். மூடியை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் ஸ்பேனரால் இறுக்கிய பிறகே மற்ற வேலை. கீலில் உள்ள ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கும். அதைக் கழற்ற முயல வேண்டாம்.

முதல் படி: உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்தல்

பாகங்கள் அடுக்கியிருக்கும் வரிசையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வென்ட் (மூடியின் உச்சியிலுள்ள காற்றுத் திறப்பு), சமைக்கும் கம்பித்தட்டு, நெருப்பின் நேரடி அனலை மறைக்கும் செராமிக் தட்டு, மேல் வளையம் என்று மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். அடுத்து பழைய கரி. அதைச் சேமித்து வைக்க வேண்டுமென்று தோன்றும். ஆனால் பூசணம் பிடித்த கரியையும் ஈரம் கோத்த கரியையும் தூக்கிப் போடுவதே சரி. ஈரக்கரி எளிதில் பற்றாது, பற்றினாலும் சூடு ஏறாமல் புகைந்துகொண்டே இருக்கும். சுத்தம் செய்யும் நெருப்புக்கு அது உதவாது.

கரிக்கு அடியிலுள்ள துளைத்தட்டை எடுத்த பின் மிஞ்சுவது தீக்கிண்ணம், அதாவது கரி எரியும் உட்கிண்ணம். பல கிரில்களில் இது கனமான ஒரே துண்டு. சிலவற்றில் தனித்தனித் துண்டுகளாகக் கோத்திருக்கும். இரு கைகளாலும் நேராகத் தூக்கி, தரையில் மெத்தென்ற துணியின் மேல் வையுங்கள். இதைக் கழற்றாமலே வேலையை முடித்துவிடலாமே என்று பலர் நினைப்பதுண்டு. நெடுநாள் கிடந்த கிரில்லில் உண்மையான அழுக்கு இருப்பதே இதற்குப் பின்னால்தான். தீக்கிண்ணத்துக்கும் வெளிச்சுவருக்கும் இடையிலான குறுகிய சந்தில் நுண்ணிய சாம்பல் விழுந்து விழுந்து சேரும். ஈரக்காற்றை உறிஞ்சிய இடங்களில் அது கட்டிதட்டி, கிண்ணத்தின் காற்றுத் துளைகளைப் பின்புறமிருந்து அடைத்திருக்கும். கிரில் முன்போலச் சூடேறவில்லை என்று குறைப்படுபவர்கள் முதலில் இந்தச் சந்தைத்தான் பார்க்க வேண்டும்.

ஈரச் சாம்பல் காரத்தன்மை உடையது, உலோகத்தை அரிக்கும். கீழ் வென்ட்டின் கதவு துருப்பிடித்து அசைய மறுப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். சாம்பலை முறத்தால் அள்ளி உலோக வாளியில் கொட்டி மூடுங்கள். சில நாட்களுக்குள் கிரில்லில் நெருப்பு மூட்டியிருந்தால் 24 மணி நேரமாவது கழிந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சாம்பலுக்குள் புதைந்த கங்கு வெளியே தெரியாமல் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். வீட்டு வாக்குவம் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள். நுண்சாம்பல் அதன் வடிகட்டியை அடைத்துவிடும், ஒரு கங்கு உள்ளே போனால் தீப்பிடிக்கும்.

இரண்டாம் படி: உலர்ந்த நிலையில் சுரண்டுதல்

மூடியின் உட்புறத்தில் தொங்கும் பொருக்குகளைச் சுரண்டியால் மெல்லத் தட்டி விழச் செய்யுங்கள். ஒட்டியிருப்பதை அழுத்திப் பெயர்க்க வேண்டாம். உதிர்வது உதிரட்டும், உறுதியாக ஒட்டியிருக்கும் மெல்லிய கறுப்புப் படலம் அங்கேயே இருக்கட்டும், அது அழுக்கல்ல. உட்புறம் வாங்கிய நாளின் வெண்மைக்குத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் வீணாக உழைத்துக் களைப்பார்கள். கம்பி பிரஷ் செராமிக்கைக் கீறிவிடும் என்பதால் அது வேண்டாம்.

அடிப்பாகத்தில் கொழுப்பு குட்டையாகத் தேங்கியிருந்தால் அதை மட்டும் இப்போதே வழித்தெடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அடுத்த படியில் அது தீப்பிடித்து, நம் கட்டுப்பாட்டை மீறிச் சூடு ஏறும்.

மூன்றாம் படி: நெருப்பால் சுத்தம் செய்தல்

தீக்கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது அதன் அடி வாசல் கீழ் வென்ட்டுக்கு நேராக அமைய வேண்டும். சற்றுத் திரும்பியிருந்தாலும் காற்றோட்டம் குறையும். துளைத்தட்டைப் பொருத்தி, கிண்ணம் நிறையப் புதிய மரக்கரியைப் போடுங்கள். அச்சில் வார்த்த பிரிக்கெட் கரி சாம்பலை மிகுதியாகத் தரும் என்பதால் இந்த வேலைக்கு மரக்கரியே ஏற்றது. மண்ணெண்ணெயோ வேறு எரிதிரவமோ ஊற்றிப் பற்றவைக்கக் கூடாது. செராமிக் அதையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு நாற்றமாகத் திருப்பித் தரும். மெழுகுக் கட்டியோ மின் பற்றவைப்பானோ போதும்.

அனல் மறைக்கும் செராமிக் தட்டில் கொழுப்புப் படிந்த பக்கம் நெருப்பை நோக்கும்படி கவிழ்த்து வையுங்கள். படிவு தானாக எரிந்து உதிரும். இதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். கொழுந்துவிடும் நெருப்பின் மேல் குளிர்ந்த தட்டையோ ஈரத் தட்டையோ வைத்தால் அது இரண்டாகப் பிளக்கலாம். ஸ்டீல் கம்பித்தட்டையும் உள்ளே விட்டுவிடலாம்.

நடுவில் ஓரிடத்தில் பற்றவைத்து, மூடியைத் திறந்தபடி சுமார் 10 நிமிடம் விட்டு, பிறகு மூடியை இறக்கிவிட்டு, இரண்டு வென்ட்டுகளையும் பாதியளவு திறந்து வையுங்கள். நெடுநாள் ஈரத்தில் கிடந்த செராமிக்குக்கு நிதானம் தேவை. முதல் அரைமணி நேரம் 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை மட்டும் ஏறட்டும். உறிஞ்சியிருந்த ஈரம் அதில் வெளியேறும். அதன் பின் வென்ட்டுகளைச் சிறிது சிறிதாகத் திறந்து 300 டிகிரியை எட்டச் செய்து, அந்த நிலையில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். 350 டிகிரியைத் தாண்டவிட வேண்டியதில்லை. மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் கேஸ்கெட் (காற்றடைப்புப் பட்டை) கருகி உதிர்வதும் அதன் பசை இளகுவதும் பெரும்பாலும் அளவு மீறிய சூட்டினால்தான்.

தொடக்கத்தில் மூச்சை அடைக்கும் தடித்த வெண்புகை வரும். பூசணமும் பழைய கொழுப்பும் எரிவதன் அடையாளம் அது. மேல் வென்ட்டின் வழியே வரும் புகை மெல்ல மெலிந்து, கடைசியில் வெறும் அனல் அலையாகக் கண்ணுக்குத் தெரியும். கடிகாரத்தைவிட இந்த அடையாளத்தை நம்புவதே சரி என்பது என் எண்ணம். ஒரு மணி நேரம் ஆகியும் புகை தடிப்பாகவே வந்தால் இன்னும் சிறிது நேரம் எரியவிடுங்கள்.

இந்தச் சூட்டில் மூடியைச் சட்டென்று திறப்பது மிகவும் ஆபத்து. காற்றுக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் நெருப்புக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் தீ முகத்துக்கு நேரே சீறி எழும். திறந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு விரற்கடை மட்டும் உயர்த்திச் சில விநாடிகள் பொறுத்து, தள்ளி நின்றபடி மெதுவாகத் திறக்க வேண்டும். உள்ளே கொழுப்பு தீப்பற்றினால் இரு வென்ட்டுகளையும் மூடிவிடுங்கள்; ஒருபோதும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நேரம் முடிந்ததும் இரு வென்ட்டுகளையும் முழுவதும் மூடி, மறுநாள் வரை அப்படியே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஆறிய பின்

மறுநாள் திறந்தால் தீக்கிண்ணமும் சுவரின் கீழ்ப்பகுதியும் வெளிறியிருக்கும். மூடியின் உச்சியில் அவ்வளவு மாற்றம் தெரியாது. அங்கே சூடு குறைவு, அதனால் கவலை இல்லை. அலுமினியத் தாளைப் பந்தாகக் கசக்கி லேசாகத் தேய்த்தாலே மிச்சப் பொருக்கு உதிரும். உதிர்ந்ததையும் சாம்பலையும் மறுபடி அள்ளிவிடுங்கள்.

சோப்புத் தண்ணீர் உலோகப் பாகங்களுக்கு மட்டும். ஸ்டீல் கம்பித்தட்டை வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் ஊறவைத்து, பிடிவாதமான கறைக்குப் பேக்கிங் சோடாவைக் குழைத்துத் தடவித் தேய்க்கலாம். வார்ப்பிரும்புத் தட்டை ஊறவைக்காமல் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, சமையல் எண்ணெயை மெல்லிதாகத் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும். மேல் வென்ட் தார் பிடித்துச் சுழலாமல் இருந்தால், அதைத் தனியே வெந்நீரில் கழுவி நன்கு உலர்த்தி எண்ணெய் பூசினால் இளகிவிடும். கம்பி பிரஷ் எதற்குப் பயன்படுத்தினாலும், அதிலிருந்து உதிர்ந்த கம்பி இழை தட்டில் ஒட்டியிருக்கிறதா என்று ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அது உணவோடு தொண்டைக்குள் போய்க் காயப்படுத்தியிருக்கிறது.

வெளிப்புறத்தை மென்மையான துணியாலும் மிதமான சோப்புத் தண்ணீராலும் துடைத்தால் போதும். மெருகில் வலைப்பின்னலாகத் தெரியும் மயிரிழைக் கோடுகள் இயல்பானவை. தீக்கிண்ணத்தில் விழும் விரிசலும் அது துண்டாகிச் சரியாதவரை பெரும்பாலும் தொல்லை தராது. வெளிச்சுவரிலோ மூடியிலோ ஊடுருவி ஓடும் விரிசல் வேறு வகை. அதைக் கண்டால் அந்தக் கிரில்லில் நெருப்பு மூட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: கேஸ்கெட்டும் தெர்மாமீட்டரும்

மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, வெளியே இழுத்துப் பாருங்கள். சற்று இழுபட்டு வந்தால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. தடையின்றி நழுவி வரும் இடங்களில் அது தேய்ந்துவிட்டது. சுற்றிலும் பல இடங்களில் இப்படிச் சோதிக்க வேண்டும். மாற்ற நேர்ந்தால் பழையதை மழுங்கிய கத்தியால் வழித்து, ஒட்டியிருக்கும் பசையை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு புதியதை ஒட்டுங்கள். ஒட்டும்போது இழுத்து நீட்டக் கூடாது. நீட்டினால் பின்னால் சுருங்கி இடைவெளி விடும். மூடியை ஒரு நாள் மூடிவைத்துவிட்டு, முதல் சில முறை மிதமான சூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் பக்கத்தில் கங்கோ தணலோ இருக்கக் கூடாது.

தெர்மாமீட்டரைக் கழற்றி அதன் தண்டை மட்டும் கொதிக்கும் நீரில் நுழைத்தால், கடல் மட்டத்தை ஒட்டிய இடங்களில் 100 டிகிரி காட்ட வேண்டும். உயரமான இடங்களில் சற்றுக் குறையும். வேறுபட்டால், திருத்தக்கூடிய வகைகளில் முகப்பின் பின்னாலுள்ள நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். முகப்பை நீரில் முக்க வேண்டாம்.

பட்டைகளின் போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்குங்கள். பெரிய சூட்டுக்குப் பின் அவை தளர்வது வழக்கம். பிறகு பாகங்களைப் படத்தில் உள்ள வரிசைப்படி அடுக்குங்கள். சில வாரங்களுக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்றால் கரியை உள்ளே விட்டுவைக்காமல், கம்பித்தட்டில் கொழுப்பு மிஞ்சாமல் துடைத்துவிட்டு, மழை படாத இடத்தில் இரு வென்ட்டுகளையும் சிறிதளவு திறந்து வையுங்கள். காற்று உள்ளே புழங்கும் கிரில்லில் பூசணம் எளிதில் பிடிக்காது.