அமெரிக்காவுல குடியேறின அரபு, முஸ்லிம் ஆளுங்களோட கதைய எப்படி படிக்கிறது?

முதல்ல ஒரு முடிச்ச அவுத்துடுங்க, அரபுன்னா முஸ்லிம், முஸ்லிம்னா அரபுங்கிறத. 'தி ப்ராஃபெட்' எழுதின கலீல் ஜிப்ரான் முஸ்லிம்னு நெனச்சுட்டு இருக்கறவங்க இன்னமும் இருக்காங்க, அவர் லெபனான்ல பஷர்ரில பொறந்த மரோனைட் கிறிஸ்தவர். நியூயார்க் வாஷிங்டன் ஸ்ட்ரீட்ல இருந்த 'லிட்டில் சிரியா'வுல குடியேறினவங்களும் பெரும்பாலும் கிறிஸ்தவங்கதான். அதனால நாவல தொறந்ததும் ஆளு எந்த ஊரு, என்ன மதம், எந்த வருஷம் வந்தாருன்னு ஓரத்துல பென்சில்ல குறிச்சு வைங்க. வருஷத்த மட்டும் விட்டுடாதீங்க, ஏன்னா 1924 அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கதவ கிட்டத்தட்ட சாத்திடுச்சு, 1965 சட்டம் திரும்ப தொறந்துச்சு, அதுக்கப்புறம் வந்தவங்கள்ல முஸ்லிம்கள் நெறைய, படிக்க வந்தவங்க, போருக்குத் தப்பி வந்தவங்கன்னு கதையே வேற.

அப்புறம், யாராவது ஃபாரம் நிரப்புற சீன் வந்தா அங்க மெதுவா போங்க. அமெரிக்காவுல அப்போ வெளிநாட்டுல இருந்து வந்தவங்கள்ல குடியுரிமை வெள்ளைக்காரங்களுக்கும், 1870க்கு அப்புறம் ஆப்பிரிக்க வம்சாவளிக்கும்தான், அதனால சிரியாவுல இருந்து வந்த ஜார்ஜ் டௌ 'நான் வெள்ளை'ன்னு கோர்ட்டுக்குப் போனாரு, கீழ்க் கோர்ட்ல தோத்து 1915ல அப்பீல்ல ஜெயிச்சாரு. ஜெயிச்சது நல்லதுதான், ஆனா பேரப்புள்ளைங்க காலத்துலயும் சென்சஸ்ல அரபுக்காரங்க 'வெள்ளை'தான், மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கான்னு தனிக் கட்டம் வேணும்னு அரசாங்கம் ஒத்துக்கிட்டதே 2024 மார்ச்லதான். ஏர்போர்ட்ல தனியா நிறுத்தி கேள்வி கேக்கறப்ப அரபு, காகிதத்துல வெள்ளை! கதாபாத்திரம் எந்தக் கட்டத்துல டிக் போடுது, எங்க பேனா நிக்குதுன்னு பாருங்க, ரெண்டு பக்க வசனத்துல சொல்லாதது அதுல தெரிஞ்சிடும்.

பேரு விஷயத்துல கொஞ்சம் உஷார். 'எல்லிஸ் ஐலண்ட்ல ஆபீசர் தாத்தா பேர மாத்திட்டான்'னு குடும்பத்துல சொல்லுவாங்க (கப்பல்ல வந்த குடியேறிகள சோதிச்சு உள்ள விட்ட நியூயார்க் துறைமுகத் தீவு அது), நெஜத்துல அங்க கப்பல் கம்பெனி கொண்டு வந்த லிஸ்ட்ட வெச்சுத்தான் சரிபார்த்தாங்க, பேரு மாறினதெல்லாம் பெரும்பாலும் அப்புறம் ஸ்கூல்ல, கடையில, அவங்களே மாத்திக்கிட்டதுதான். அதுக்காக பொய்னு தூக்கிப் போட்டுடாதீங்க, தானே மாத்திக்கிட்டேன்னு சொல்ல வலிக்கறதாலயும் அப்படி ஒரு கதை வந்திருக்கலாம்.

முஸ்லிம் பொண்ணுங்க தலையில கட்டுற ஸ்கார்ஃப பாத்ததும் அடிமைத்தனம், இல்ல புரட்சின்னு முத்திரை குத்தாதீங்க (ரெண்டுமே சோம்பேறி வாசிப்பு, என் கருத்து). மோஜா காஃப் 2006ல எழுதின 'தி கேர்ள் இன் தி டேஞ்சரின் ஸ்கார்ஃப்' நாவல்ல இண்டியானாவுல வளர்ற சிரியாப் பொண்ணு கத்ராவுக்கு வயசு ஏற ஏற ஸ்கார்ஃபோட நிறமும் மாறுது, அர்த்தமும் மாறுது. சண்டையும் வெளியாளோட மட்டும் இல்ல, சொந்த சமூகத்துக்குள்ளயும்தான்.

இதெல்லாம் படிச்சுட்டு நேர்ல ஒருத்தர பாத்தா 'உங்காளுங்க ஏன் இப்படி?'ன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க, அவர் யாருக்கும் தூதர் இல்ல. வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க, உங்க பேர எப்படி உச்சரிக்கணும்னு கேளுங்க, மீதிய அவரா சொன்னா கேட்டுக்கலாம்.