வெளிநாட்டில் வாடகைக் கார்: கவுண்டரில் திணறாமல் சாவி வாங்க

கார் ஓட்டத் தெரிந்தவருக்கு வெளிநாட்டுச் சாலை பெரிய சிக்கல் இல்லை. சாவி தரும் கவுண்டர்தான் சிக்கல். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அதற்கே.

1. அனுமதிப் பத்திரம்

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, உங்கள் உரிமம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டில் அதிகாரம் பெற்ற அமைப்புதான் தர முடியும். ‘சில நிமிடங்களில் கைக்கு வரும்’ என்று விற்கும் இணையதளங்கள் பக்கமே போகாதீர்கள். அசல் உரிமமும் கையில் இல்லையென்றால் அந்த அனுமதி செல்லாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி ஒன்று, 1968 வியன்னா ஒப்பந்தப்படி ஒன்று என்று வகைகள் உண்டு. ஜப்பானில் 1949 வகை மட்டுமே செல்லும். போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. முன்பதிவு

ஐரோப்பாவில் சொல்லாவிட்டால் பெரும்பாலும் கியர் வண்டிதான் கிடைக்கும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்க வேண்டும். எரிபொருளுக்கு ‘முழு டேங்க் எடுத்து முழு டேங்காகத் திருப்பு’ என்ற முறையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். எல்லை தாண்டுவதாக இருந்தால் முன்பே அனுமதி கேளுங்கள். விலையை ஒப்பீட்டுத் தளத்தில் பார்த்துவிட்டு நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவதே என் வழக்கம். தகராறு வந்தால் பேச ஒரே ஆள்தான்.

3. கார்டும் காப்பீடும்

இங்கேதான் நிதானம் வேண்டும். முதன்மை ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல கவுண்டர்கள் ஏற்பதில்லை. வைப்புத்தொகையாக ஒரு தொகையை உங்கள் வரம்பில் பிடித்து வைப்பார்கள். அது செலவு இல்லை, ஆனால் விடுபடும் வரை அந்தப் பணத்தை நீங்கள் தொட முடியாது.

வாடகையோடு வரும் சேதக் காப்பீட்டில் ‘எக்ஸஸ்’ என்றொரு வரம்பு இருக்கும், அதுவரையிலான சேதச் செலவை நீங்களே ஏற்க வேண்டும். அது 1,500 யூரோ என்று வையுங்கள். 400 யூரோ கீறலுக்கு முழுப் பணமும் உங்களுடையது. 3,000 யூரோ சேதத்துக்கு 1,500 உங்களுடையது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி பெரும்பாலும் இதில் சேராது. இந்த வரம்பை நீக்கத்தான் கவுண்டரில் கூடுதல் காப்பீடு விற்பார்கள்.

இதையே வேறு நிறுவனத்திடம் முன்கூட்டி வாங்கினால் பொதுவாக மலிவு. ஆனால் கவுண்டரில் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள், வைப்புத்தொகை குறையாது. சேதமானால் முதலில் உங்கள் கார்டில்தான் எடுப்பார்கள். ரசீது, சேத அறிக்கை எல்லாம் சேர்த்து அனுப்பி, நீங்கள்தான் திரும்பப் பெற வேண்டும். கார்டில் தாராளமாக வரம்பு இருந்தால் இதுவே நல்லது. இல்லையென்றால் கவுண்டரிலேயே வாங்கிவிடுங்கள், அதில் தவறொன்றும் இல்லை.

கடைசியாக, கார்டு இயந்திரம் எந்த நாணயத்தில் என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் அதுதான் லாபம்.

4. வீடியோ

சாவி வாங்கியதும், கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். சக்கர விளிம்பு, கூரை, முன்கண்ணாடி, எரிபொருள் முள், ஓடிய தூரம் எல்லாம் பதிவாகட்டும். திருப்பித் தரும்போதும் அதேபோல. ஆளில்லாத நேரத்தில் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வருபவர்களுக்கு இது கட்டாயம்.

5. சாலையில்

பக்கம் மாறி ஓட்டும்போது நெடுஞ்சாலையில் குழப்பம் வராது. பெட்ரோல் பங்கிலிருந்து காலித் தெருவுக்குத் திரும்பும்போதுதான் கை பழைய பக்கம் போகும். உள்ளூர் வண்டி என்றால், ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் என்று நினைவில் வையுங்கள். இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஆடும், ஆடட்டும்.

பங்கில் குழாயின் நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல். அமெரிக்காவில் பல இடங்களில் டீசல். வண்டியின் டேங்க் மூடிக்குள் எழுதியிருப்பதைப் படியுங்கள். இத்தாலியப் பழைய நகர்ப்பகுதிகளில் ‘இசட்.டி.எல்.’ (அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் போகக்கூடிய பகுதி) பலகை கண்டால் நுழையாதீர்கள். கேமரா பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்துக்கூட வரும், வாடகை நிறுவனம் தன் கட்டணத்தைத் தனியாகப் பிடிக்கும்.

பின்சேர்க்கை: மாற்றி மாற்றி ஓட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். இரண்டாவது ஓட்டுநரின் பெயரும் ஒப்பந்தத்தில் இருந்தால் ஓட்டலாம். இல்லாமல் ஓட்டி விபத்தானால் காப்பீடு கைவிட்டுவிடும், கணவன் மனைவியாக இருந்தாலும். சில இடங்களில் துணைவருக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது, கேட்டுப் பாருங்கள்.