கோர்தோபாவை அவசரமின்றிப் பார்ப்பதற்கு

மாட்ரிட்டிலிருந்து செவிலுக்குப் போகிற வழியில் கோர்தோபாவில் இறங்கி, மூன்று மணி நேரத்தில், மசூதியாகத் தொடங்கிப் பின்னர் பேராலயமாக மாறிய மெஸ்கித்தாவை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது பலரது வழக்கமாக இருக்கிறது. தெற்கு ஸ்பெயினுக்குப் பயணம் திட்டமிடுவோர் அவ்வழக்கத்தைப் பின்பற்றாமல், இந்நகரத்தில் இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். சுற்றுலாக் குழுக்கள் வந்து சேராத காலையும், அவை கிளம்பிப் போய்விட்ட இரவும்தான் இங்கே மிகச் சிறந்த நேரங்கள். பகலில் வந்து பகலிலேயே போகிறவருக்கு இவ்விரண்டும் கிடைப்பதில்லை.

1992இல் திறக்கப்பட்ட அதிவேக ரயில் பாதையில் மாட்ரிட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும், செவிலிலிருந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரத்திலும் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து பழைய நகரம் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் சந்துகள் பலவற்றில் கூழாங்கற்களைப் பதித்துத் தளமிட்டிருப்பதால், சக்கரப் பெட்டியை இழுப்பது கடினம். மெல்லிய செருப்பு அணிந்தால் கால் நோகும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களே நல்லவை.

முதல் நாள் காலையை மெஸ்கித்தாவுக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 8.30 முதல் 9.30 வரை கட்டணமின்றி அனுமதிப்பது வழக்கம். அந்த ஒரு மணி நேரத்தில் குழுக்களுக்கு அனுமதி இல்லை என்பதால், உள்ளே காலடி ஓசை கூடக் கேட்கும் அளவுக்கு அமைதி நிலவும். வழிபாடுகளை ஒட்டி நேரம் மாறக்கூடும். ஆகவே முந்தைய நாளே அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மணிக்கோபுரத்துக்குத் தனிச் சீட்டும் குறித்த நேரமும் உண்டு.

ஆரஞ்சு மரங்கள் நிற்கும் முற்றத்தைக் கடந்து உள்ளே போனவுடன் எல்லாத் திசைகளிலும் தூண்கள் தெரியும், 850க்கும் மேற்பட்டவை. கண் தடுமாறி எங்கெங்கோ அலையாமல் இருக்க, கட்டடம் எந்த வரிசையில் வளர்ந்ததோ அதே வரிசையில் நடப்பதே சிறந்த முறை. நீங்கள் முதலில் நிற்கும் பகுதி, அன்று இந்நகரை ஆண்ட முஸ்லிம் அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. இங்குள்ள தூண்களில் பெரும்பாலானவை பழைய ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவரப்பட்டவை. ஒன்றின் நிறமும் தலைப்பகுதியின் செதுக்கலும் பக்கத்துத் தூணோடு ஒத்துப்போகாததை அருகே சென்று பாருங்கள். இத்தூண்கள் குட்டையாக இருந்ததால் கூரையை உயர்த்துவதற்கு ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை எழுப்பினார்கள். கீழ் வளைவு தூண்களைப் பிணைத்து நிறுத்துகிறது, மேல் வளைவு கூரையைத் தாங்குகிறது. இன்று உலகமெங்கும் படங்களில் காணப்படும் அந்த அழகு, ஒரு கட்டுமானச் சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு.

அங்கிருந்து நேராகத் தெற்கே நடந்தால், கலீபா இரண்டாம் ஹகம் 962இல் தொடங்கிய விரிவாக்கத்தை அடைவீர்கள். தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தைச் சுற்றிப் பொன்னும் நீலமும் கலந்த மொசைக் வேலைப்பாடு இருக்கிறது. அதற்கான கண்ணாடித் துண்டுகளைப் பைசாந்தியப் பேரரசர் அனுப்பினார் என்பது மரபுச் செய்தி. இப்போது இடப்பக்கம், அதாவது கிழக்கே திரும்புங்கள். தெற்கே ஆறு குறுக்கிட்டதால், அன்று ஆட்சியை நடத்திய அமைச்சர் அல்மன்சோர் 987இல் கட்டடத்தை இந்தப் பக்கமாக அகலப்படுத்தினார். இங்கே வளைவுகளை உற்றுப் பாருங்கள்: பழைய பகுதியில் சிவப்புச் செங்கல்லும் வெளிர் கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்க, இங்கே முழுவதும் கல்லாகவே வைத்துச் சிவப்பைச் சாயமாகப் பூசியிருக்கிறார்கள். இந்த ஒன்றைக் கண்டுகொண்ட பிறகு, எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதை வழிகாட்டி இல்லாமலே அறிந்துகொள்ளலாம்.

நடுவில் நிற்கும் பேராலயத்தைக் கடைசியாகப் பாருங்கள். 1236இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாந்தோ நகரைக் கைப்பற்றியபின் மசூதி தேவாலயமாக அர்ப்பணிக்கப்பட்டது. 1523இல்தான் அதன் நடுவே இந்த உயர்ந்த மண்டபத்தை எழுப்பத் தொடங்கினார்கள். நகர மன்றம் அதைக் கடுமையாக எதிர்த்தும் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அனுமதியோடு வேலை நடந்தது. தூண்காட்டின் நடுவில் இப்படி ஒன்றை எழுப்பியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆயினும் தேவாலயமாகப் பயன்பாட்டில் இருந்ததாலேயே எஞ்சிய பகுதி இடிபடாமல் நம் காலம் வரை வந்திருக்கிறது என்றும் நம்புகிறேன்.

வெளியே வந்தால் வடமேற்கில் பழைய யூதர் குடியிருப்பு தொடங்குகிறது. தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் பிறந்த நகரம் இது. அவருடைய சிலைக்குச் சற்றுத் தள்ளி 1315இல் கட்டிய சிறு யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. பத்து நிமிடங்களில் பார்த்துவிடலாம், ஆனால் தவறவிடக் கூடாது.

மதிய உணவு இங்கே இரண்டு மணிக்கு மேல்தான், இரவு உணவு ஒன்பதுக்கு. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கூழாக அரைத்துக் குளிரவைத்த சல்மோரெஹோ இந்நகரத்தின் உணவு. மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளும் அவித்த முட்டையும் தூவித் தருவார்கள் என்பதால், சைவர்கள் ‘சின் ஹமோன், சின் வெவோ’ என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கத்தரிக்காயை மெல்லியதாக நறுக்கிப் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றித் தரும் பண்டத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பொழுது சாயும்போது ரோமானியப் பாலத்துக்குச் செல்லுங்கள். அடியில் ஓடும் குவாதல்கிவீரின் பெயர் ‘பெரிய ஆறு’ என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து வந்தது. தமிழில் சொன்னால் பேராறு. பதினாறு வளைவுகள் கொண்ட பாலத்தைக் கடந்து மறுகரையில் நின்று திரும்பிப் பார்த்தால், விளக்கொளியில் மெஸ்கித்தா முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்.

மே மாதத்தின் முதல் பாதியில் வந்தால், முற்றங்களின் திருவிழாவைக் காணலாம். யுனெஸ்கோ 2012இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபாக அறிவித்த இவ்விழாவில், குடும்பங்கள் தங்கள் வீட்டு முற்றங்களைக் கட்டணமின்றித் திறந்துவைக்கின்றன. வெள்ளைச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் வரிசையாகத் தொங்கும் பூந்தொட்டிகளுக்கு, நீண்ட கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, ஒவ்வொன்றாக எட்டி நீர் ஊற்றுவார்கள். சான் பசீலியோ பகுதியில் மாலைகளில் கூட்டம் நெரிவதால், முற்பகலில் செல்லுங்கள். வேறு மாதங்களில் வருவோருக்கு 12 முற்றங்கள் கொண்ட வியானா மாளிகை இருக்கிறது.

இரண்டாம் நாள் மதீனா அஸாஹராவுக்கு. நகருக்கு மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டரில், கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம் இது. முக்கால் நூற்றாண்டுக்குள் உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டு, பிற்காலத்தில் கற்குவாரி போலப் பயன்பட்டு மண்ணுக்குள் மறைந்தது. 1911இல் அகழாய்வு தொடங்கியும் பெரும்பகுதி இன்னும் புதைந்தே கிடக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. முதலில் அருங்காட்சியகத்தில் குறும்படத்தைப் பார்த்து நகரத்தின் வடிவத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பின் அங்கிருந்தே கிளம்பும் சிறு பேருந்தில் மேலே செல்லுங்கள்; இல்லையெனில் இடிந்த சுவர்களுக்கிடையே எது எதுவென்று விளங்காது. நிழல் குறைவு, ஆகையால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மேல் அடுக்கிலிருந்து பார்வையைக் கீழே இறக்கினால், மூன்று அடுக்குகளாக மலைச்சரிவில் இறங்கும் நகரமும், அதற்கப்பால் ஆற்றுச் சமவெளியும் தெரியும்.