உறைபனிக் காலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது கைகள் விறைக்காமல் காப்பது எப்படி?

நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை நீளும் நீலகிரியின் உறைபனிக் காலத்தில், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு விடிகாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மற்ற எல்லாக் கஷ்டங்களையும்விடக் கைகளின் கஷ்டமே பெரிது. சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதக் காலையொன்றில், லவ்டேல் சந்திப்பை நெருங்கும் வேளையில் எனக்கு முன்னால் சென்ற காய்கறி வண்டி சட்டென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடிக்க வலது கை விரல்களை மடக்கினேன். அவை மடங்கினவா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. லீவர் விரலில் பட்ட உணர்வே இல்லை. கால் பிரேக்கை மிதித்து, வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டேன். ஆனால் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்க எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். விரல் விறைத்ததால் பிரேக் பிடிப்பது அரை நொடி தாமதமானாலும் 7 மீட்டர் கூடுதலாகப் போய்விடுவோம். கைகளைச் சூடாக வைத்துக்கொள்வதைச் சொகுசாக எண்ணாமல், பிரேக்கைச் சரிபார்ப்பதற்கு இணையான வேலையாக எண்ண வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

முதலில் கை ஏன் விறைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் பொருளுக்குப் பணம் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது தானாகவே விளங்கிவிடும். விரல்கள் தாமாகச் சூட்டை உண்டாக்குவது மிகக் குறைவு. அவற்றுக்குச் சூடு ரத்தத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கியதும், இதயத்தையும் மற்ற உள்ளுறுப்புகளையும் காப்பதற்காக, கை கால்களின் ரத்தக் குழாய்களை உடல் சுருக்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கிய பிறகு எவ்வளவு தடித்த கையுறை அணிந்தாலும் அதற்குள் காப்பதற்குச் சூடு இருக்காது. கையுறை சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டை வெளியே விடாமல் தடுக்கும், அவ்வளவுதான். இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், மூடாத தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே 1 டிகிரி போலத் தோன்றும். வெப்பநிலையே 0 டிகிரிக்கு இறங்கிய காலையில் அதே வேகத்தில் சென்றால் சுழியத்துக்குக் கீழே 8 டிகிரி போல உறைக்கும். வேகத்தைக் குறைப்பது கைகளுக்கும் நல்லது என்பது இதிலிருந்து புரியும்.

ஆகவே வேலையை மார்பிலிருந்து தொடங்குங்கள். உடலோடு ஒட்டிய தெர்மல் பனியன், அதன்மேல் ஒரு கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத ஜர்க்கின் என்று மூன்று அடுக்காக அணிவது, தடித்த ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் அணிவதைவிட நன்றாக வேலை செய்கிறது; ஏனென்றால் அடுக்குகளுக்கிடையே அசையாமல் தங்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது, கம்பளி நூல் மட்டுமல்ல. நல்ல ஜர்க்கின் இல்லாதவர்கள் செய்தித்தாளை நான்காக மடித்து மார்புப் பகுதியில் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செருகிக்கொள்ளலாம். காசில்லாத இந்த ஏற்பாடு காற்றைத் தடுப்பதில் விலை கூடிய உடைகளுக்கு அதிகம் சளைத்ததில்லை. கழுத்தை மறக்கக் கூடாது. ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் இடையில் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தாலே அதன் வழியாகக் காற்று மார்புக்குள் இறங்கிவிடும். மஃப்ளரைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, அதன் இரு முனைகளையும் ஜர்க்கினுக்குள் திணித்துவிட வேண்டும். வெளியே தொங்கவிட்டால் அது பறந்து முகத்தை மறைப்பதோடு சக்கரத்தில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

சமவெளியிலிருந்து மலையேறி வருபவர்களுக்கு ஒரு சொல். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திலும், ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கிட்டால், இந்த மலைப்பாதையில் மட்டும் 12 டிகிரிக்கு மேல் இறங்குகிறது. மலையடிவாரத்திலுள்ள கல்லாறில் இதமாகத்தான் இருக்கிறது என்று ஸ்வெட்டரைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்து, குன்னூரில் உடல் நடுங்கிய பிறகு எடுத்து அணிபவர்களைப் பார்க்கிறேன். அதற்குள் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிட்டிருக்கும். குன்னூருக்கு முன்பே வரும் பர்லியாரில் தேநீருக்கு நிறுத்தும்போதே, குளிர் தெரியாத நிலையிலேயே, எல்லாவற்றையும் அணிந்துகொள்வதுதான் சரி.

உடலுக்கு அடுத்தது மணிக்கட்டு. விரல்களுக்குச் செல்லும் ரத்தக் குழாய் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதும் அந்த இடத்தில்தான். கையுறைக்கும் ஜர்க்கின் கைக்கும் இடையே அந்த இடம் திறந்து கிடந்தால், விரல்களுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். பழைய கம்பளிக் காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு, மேல்பகுதியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் போதும். இந்தச் சிறு துண்டு தரும் பலனை நேரில் கண்ட பிறகு, அது இல்லாமல் நான் வண்டி எடுப்பதில்லை. வறண்ட குளிரில் கையுறையின் நீண்ட வாய்ப்பகுதியை ஜர்க்கின் கையின் மேல் ஏற்றி இறுக்க வேண்டும். மழையிலோ, நீர் சொட்டும் மூடுபனியிலோ, அதையே ஜர்க்கின் கைக்குள் செருகிவிட வேண்டும். இல்லையென்றால் கைவழியே வழியும் நீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும்.

கையுறை வாங்கும்போது பெரும்பாலானோர் தடிமனைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நானும் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான். பஞ்சு வைத்த உள்ளங்கை, பார்ப்பதற்கு மிகப் பலமாக இருந்தது, ஆனால் புறங்கையில் வெறும் பின்னல் துணி. காற்று நேராக மோதுவது புறங்கையிலும் விரல்களின் முன்பக்கத்திலும் என்பதால், காற்றுப் புகாத மேல்துணியும் அதற்குள் காப்பு அடுக்கும் அங்கேதான் வேண்டும். உள்ளங்கை மெல்லியதாகவும் வழுக்காத தோலால் ஆனதாகவும் இருந்தால் ஆக்சிலேட்டரையும் லீவரையும் உணர்ந்து பிடிக்க முடியும். கடையில் கையுறையை அணிந்து கையை முழுவதுமாக முஷ்டி மடக்கிப் பாருங்கள். விரல்நுனியில் துணி இறுகினாலோ, விரலிடுக்கில் இழுத்தாலோ அந்த அளவு வேண்டாம். இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தையும் தடுக்கும், உள்ளே இருக்க வேண்டிய காற்றையும் பிதுக்கி வெளியேற்றிவிடும். அதற்குள் மெல்லிய கம்பளி அல்லது பட்டு உள்ளுறை ஒன்றையும் அணியும் எண்ணம் இருந்தால், கடைக்கு அந்த உள்ளுறையையும் கொண்டுபோய் இரண்டையும் சேர்த்து அணிந்து பார்த்து வாங்க வேண்டும். பருத்தி உள்ளுறை இதற்கு உதவாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரம் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதை நினைவில் வைத்தால், நனைந்த கையுறையோடு வண்டி ஓட்டுவது எவ்வளவு தவறு என்பது விளங்கும்.

அவசரத்துக்கு, மருத்துவர்கள் அணியும் மெல்லிய நைட்ரைல் கையுறையை உள்ளே அணிந்து அதன்மேல் வழக்கமான கையுறையை அணியலாம். காற்றையும் நீரையும் அது தடுத்துவிடும், ஆனால் உள்ளே வியர்க்கும் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுகமாக இருக்காது. கையுறைக்கு வெளியே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்வதை மட்டும் செய்யவே வேண்டாம், ஹேண்டில் வழுக்கிவிடும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடையும் இருக்கிறது. நைட்ரைல் உறையையும் பயன்படுத்திய பின் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள்.

கைக்கு என்ன அணிவது என்பதற்கு நிகராக, கையில் காற்றே படாமல் செய்வதும் பலன் தரும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் பொருத்தும் ஹேண்ட் கார்டு, விரல்களின் மேல் மோதும் காற்றை விலக்கிவிடுகிறது. சாதாரணக் கையுறையே அதன் பின்னால் இரு மடங்கு நல்ல கையுறை போலத் தோன்றும். டெல்லி, பஞ்சாப் பக்கங்களில் குளிர்காலத்தில் வண்டி ஓட்டுபவர்கள், உட்புறம் ரோமம் வைத்துத் தைத்த ரெக்சின் உறைகளை ஹேண்டிலின் மேல் மாட்டி, அதற்குள் கையை நுழைத்து ஓட்டுகிறார்கள். பார்க்க அழகில்லை என்று நம் ஊரில் பலர் ஒதுக்குகிறார்கள். கைகளுக்கு இதைவிடச் சூடான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. ஆயினும் இதைப் பொருத்தியவுடன் சாலைக்குப் போய்விடக் கூடாது. வண்டியை நிறுத்தி வைத்த நிலையில், கையைச் சட்டென்று வெளியே எடுக்கவும் மீண்டும் பார்க்காமலே உள்ளே நுழைக்கவும் பழக வேண்டும். ஹாரன், இண்டிகேட்டர், விளக்கு ஆகியவற்றின் பொத்தான்கள் கைக்கு எட்டுகின்றனவா என்றும், உறையின் துணி பிரேக் லீவரை அழுத்துகிறதா என்றும், ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பும்போது எங்கேனும் சிக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை எதுவும் வேண்டாம் என்பவர்கள் லீவர்களுக்கு மட்டுமாவது ரப்பர் உறை மாட்டுங்கள். உலோக லீவரின் மேல் எப்போதும் இரண்டு விரல்களை வைத்து ஓட்டும் பழக்கமுள்ளவர்களுக்கு, அந்த இரண்டு விரல்கள்தான் முதலில் மரத்துப்போகின்றன.

மின்சாரத்தால் சூடேறும் கைப்பிடிகளைப் பொருத்துவதற்கு முன் வண்டியின் மின்திறனைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு ஜோடி பொதுவாக 30 முதல் 40 வாட் வரை எடுத்துக்கொள்ளும். பல சிறிய வண்டிகளில் உள்ள 35 வாட் ஹாலஜன் முகப்பு விளக்குக்கு இணையான சுமை அது. பேட்டரியிலிருந்து நேரடியாக இணைத்தால், அணைக்க மறந்த ஒரு நாளில் பேட்டரி தீர்ந்துவிடும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஃபியூஸ் இரண்டையும் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். இடது கைப்பிடி வலதைவிடக் குறைவாகச் சூடாகிறது என்ற புகாரை அடிக்கடி கேட்கலாம். வலது பக்கம் ஆக்சிலேட்டருக்கான பிளாஸ்டிக் குழாய் இடையில் இருப்பதால் சூடு தங்குகிறது. இடது பக்கம் கைப்பிடி நேராக இரும்புக் குழாயின் மேல் அமர்வதால் அது சூட்டை இழுத்துக்கொள்கிறது. இடது பக்கம் மெல்லிய வெப்பத்தடுப்பு நாடா ஒன்றைச் சுற்றி, அதன்மேல் பொருத்தினால் வித்தியாசம் குறையும். இந்தக் கைப்பிடிகள் உள்ளங்கையை மட்டுமே சூடாக்கும்; புறங்கைக்கு முன்பு சொன்ன காற்றுத் தடுப்பு வேண்டியிருக்கும்.

புறப்படும் நேரத்தையும் சற்று யோசியுங்கள். மேகமில்லாமல் நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்த இரவுக்கு மறுநாள் காலையில்தான் உறைபனி கொட்டிக்கிடக்கும், ஏனெனில் நிலத்தின் சூடு தடையின்றி வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளங்களில் போய்த் தேங்கும். காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகள் வெளுத்துக் கிடக்கும்போது, அருகிலிருக்கும் மேட்டில் பனியே இல்லாதிருப்பது இதனால்தான். சூரியன் உதிக்கும் நேரத்தையொட்டிய சிறு பொழுதுதான் நாளின் மிகக் குளிர்ந்த வேளை. வேலை அனுமதித்தால், வெயில் சாலையில் விழும்வரை ஒரு மணி நேரம் காத்திருப்பதைப் போன்ற வைத்தியம் வேறில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். குளிரில் நம்மை அறியாமலேயே பிடி இறுகும், இறுகிய பிடியில் ரத்தம் ஓடாது. விரல்நுனியில் ஊசி குத்துவதுபோல் தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். அந்த வலி நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, உணர்வு போய்விட்டது என்று கொள்ள வேண்டும். இறங்கி நின்று, கையை முழுவதும் நீட்டி, கிணற்று ராட்டினம் சுழல்வதுபோலத் தோளிலிருந்து பெரிய வட்டமாக முப்பது நாற்பது முறை சுழற்றினால் ரத்தம் விரல்நுனிக்குத் தள்ளப்படும். பிறகு கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளலாம். சைலன்சரையும் எஞ்சினையும் தொட்டுச் சூடேற்றுவது வேண்டாம். மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது, செயற்கைத் துணிக் கையுறை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீரும் அதே காரணத்தால் ஆபத்தானது. குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவும்போது முழங்கையை நனைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்து, வெதுவெதுப்பான நீரில் மட்டுமே கையை வையுங்கள். சர்க்கரை நோயால் விரல்களில் உணர்வு குறைந்தவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். தேநீர்க் கடையில் பற்றவைக்கும் சிகரெட் ரத்தக் குழாய்களை மேலும் சுருக்கும். மிதமான குளிரிலேயே விரல்கள் காகிதம்போல் வெளுத்து வலிப்பவர்கள் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

வீடு திரும்பியதும் கையுறைகளை அடுப்பருகே வைத்து உலர்த்தாதீர்கள். தோல் விறைத்து வெடித்துவிடும். விரல்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, காற்றோட்டமான அறையில் விட்டுவிடுங்கள். இரவில் வண்டியின் பெட்டியிலேயே கையுறைகளை வைத்துவிட்டு, காலையில் அந்தச் சில்லிட்ட உறைக்குள் கையை விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவை வீட்டுக்குள், போர்வைகளுக்கருகில் இருக்கட்டும். காலையில் சூடாக ஏதேனும் குடித்து, கை இதமாக இருக்கும்போதே வீட்டுக்குள் அணிந்துகொண்டு, அதன் பிறகு வாசல் கதவைத் திறங்கள்.