அரைக் கிலோ மைதாவும் ஒரு ஸ்டாண்ட் மிக்சரும்

எங்கப்பா அன்னூரில் முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவர். போர்வெல் மோட்டார், தறி மோட்டார், கிரைண்டர் மோட்டார் எல்லாம் அவர் கடை மேசைக்கு வரும். நான் கல்யாணமாகி அவிநாசியில் இருக்கிறேன். வீட்டிலிருந்தே பன், பிரெட், கேக் ஆர்டருக்குச் செய்து கொடுக்கிறேன். "ஸ்டாண்ட் மிக்சர் வாங்கலாமுங்களாக்கா, எதுங்க வாங்கறது?" என்று கேட்காத ஆளில்லை. பவுலை வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் கொக்கியோ பீட்டரோ மாட்டினால் மாவு பிசைந்து, கிரீம் அடித்துக் கொடுக்கும் மிஷின்தான் ஸ்டாண்ட் மிக்சர். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி, சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

என் முதல் மிக்சரை வாட் பார்த்து வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 1200 வாட் என்று போட்டிருந்தது. ஏழு மாதம் கேக் மாவும் கிரீமும் நன்றாகவே அடித்தது. அப்புறம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு 60 தேங்காய் பன் ஆர்டர் வந்தது. ஒரே தடவையில் ஒரு கிலோ மைதாவைப் போட்டுப் பிசையவிட்டேன். நாலாவது நிமிஷம் மிக்சர் மேடையில் நகர ஆரம்பித்தது. தலையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் டகடகவென்று ஒரு சத்தம், கொக்கி நின்றுவிட்டது, உள்ளே மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மிச்ச மாவு முழுக்கக் கையால்தான் பிசைந்தேன்.

அப்பா கழற்றிப் பார்த்தார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொக்கியைச் சுற்றவிடும் கியர் பிளாஸ்டிக். அதன் பல்லெல்லாம் சூட்டில் இளகி, வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தக் கியரைத் தனியாகக் கேட்டால், விற்ற கம்பெனியில் ஸ்பேரே இல்லை என்றார்கள்.

"ஆயிரத்து எரநூறு வாட்டுன்னு போட்டிருக்குதுங்களேப்பா?"

"வாட்டுங்கறது அது திங்கற கரண்டு கண்ணு. அது என்ன வேலை செய்யும்னு பெட்டியில எழுத மாட்டான்."

சொல்லிவிட்டு வீட்டு கிரைண்டரைக் காட்டினார். 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரின் மோட்டார் 150 வாட்தான். அதுதான் கல்லையும் சுமந்து உளுந்தை அரை மணி நேரம் ஆட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் மிக்சி 750 வாட். அதில் அரை மணி நேரம் ஆட்டினால் புகைதான் வரும். மிக்சி வேகத்துக்குச் செய்தது, கிரைண்டர் இழுவைக்குச் செய்தது. பன் மாவு பிசைவது கிரைண்டர் வேலையைச் சேர்ந்தது. மெதுவாக, விடாமல், கனத்தை இழுக்க வேண்டும். வேகமாகச் சுற்றும் மோட்டாரை மெதுவான இழுவையாக மாற்றுவது கியர்தான். அதனால் கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி கியர் எதில் செய்தது என்பது. "மெட்டல் பாடிங்க" என்று பதில் வந்தால் விடாதீர்கள். மேல் கூடு இரும்பாக இருந்து உள்ளே கியர் பிளாஸ்டிக்காக இருப்பதும் உண்டு. சில நல்ல மிஷின்களில், பாரம் மீறினால் மோட்டார் எரியாமல் இருக்க, ஒரே ஒரு கியரை மட்டும் வேண்டுமென்றே நைலானில் வைப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்தக் கியர் தனியாகக் கிடைக்க வேண்டும், விலையும் அங்கேயே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டாருக்குள் ஓட ஓடத் தேயும் கார்பன் பிரஷ்ஷுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை கிராம் மைதா பிசைகிறீர்கள்? மாசத்துக்கு ஒரு கேக், பிள்ளைகள் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் கிரீம், அவ்வளவுதான் என்றால் ஸ்டாண்ட் மிக்சரே வேண்டாம். ரெண்டாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு நல்ல ஹேண்ட் பீட்டர் கிடைக்கும், அதுவே போதும். சப்பாத்தி மாவுக்காக மட்டும் என்றாலும் வேண்டாம். டேபிள் டாப் கிரைண்டருக்கே மாவு பிசையும் துணைக்கருவி தனியாக விற்கிறார்கள். கிரைண்டர் செய்கிற கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்துகொண்டு அதை வாங்காமல் விடுவானேன்.

பன்னும் பிரெட்டும் செய்கிறீர்கள் என்றால் என் கணக்கைச் சொல்கிறேன். 500 கிராம் மைதா, 300 மில்லி பால், 60 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஈஸ்ட், உப்பு. எல்லாம் சேர்ந்து தொள்ளாயிரம் கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். 60 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 15 பன். இதற்கு நாலரை லிட்டர், 5 லிட்டர் பவுல் சரியாக இருக்கும். ஒரு கிலோ மைதாவைத் தினமும் போடுவீர்கள் என்றால் 7 லிட்டருக்குப் போங்கள். ரெண்டுக்கும் நடுவில் தடுமாறினால் சின்னதை வாங்கி, ரெண்டு தடவையாகப் பிசையுங்கள். பெரிய பவுலில் சின்ன அளவு அடிபடாது. 7 லிட்டர் பவுலில் ரெண்டு முட்டையின் வெள்ளைக்கரு போட்டால், அடிக்கும் கம்பிக் கூடான விஸ்க் அதன் மேலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். கிரீமைப் பொறுத்தவரை இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேக் அலங்காரத்துக்கு வாங்கும் விப்பிங் கிரீம் மூன்று மடங்குக்குக் கிட்டப் பொங்கும். ஊற்றும்போது பார்த்த அளவை நம்பிப் பவுலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பெட்டியில் "2 கிலோ மாவு பிசையும்" என்று இருந்தால், அது மைதாவின் எடையா, தண்ணீரோடு சேர்ந்த மாவின் எடையா என்று கையேட்டில் பாருங்கள். ரெண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் வந்துவிடும். தண்ணீர் குறைவான கெட்டி மாவு என்றால் அந்தக் கணக்கிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா எப்போதும் பெட்டியை விட்டுவிட்டு மிஷினைச் சாய்த்து அடியில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டைத்தான் பார்ப்பார். வோல்ட், வாட் எல்லாம் உண்மையாக எழுதியிருப்பது அங்கேதான். சிலவற்றில் "கே.பி. 5 நிமிஷம்" அல்லது "10 நிமிஷம்" என்றும் இருக்கும். தொடர்ந்து அவ்வளவு நேரம்தான் ஓட்டலாம், அப்புறம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். பன் மாவு நன்றாக இழுபட 8 முதல் 10 நிமிஷமாவது பிடிக்கும். அதனால் 5 நிமிஷ மிஷின் பிரெட் செய்கிறவர்களுக்கு ஆகாது.

அமெரிக்காவிலிருந்து ஒறம்பரை யாராவது கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றால் நேம் பிளேட்டை ரெண்டு தடவை பாருங்கள். அங்கே 120 வோல்ட், நமக்கு 230. நேராகச் சொருகினால் அன்றைக்கே முடிந்தது. வோல்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். மிஷினின் வாட்டுக்கு ரெண்டு மடங்காவது அது தாங்க வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும், அந்தப் பழைய அமெரிக்க வகைகள் பிசைவதில் கெட்டிக்கார மிஷின்கள். பேக்கரிகளுக்குப் பெரிய மாவு மிக்சர் செய்துகொண்டிருந்த ஹோபார்ட் என்ற கம்பெனிதான் 1919இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. கொக்கி தன்னைத்தானே ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு, பவுலை மறுபக்கமாக வலம் வரும். கோள்கள் சூரியனைச் சுற்றுவது போல என்பதால் பிளானட்டரி என்கிறார்கள். இன்றைக்குக் கடையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வகைதான். இதற்கு நேர்மாறாக ஸ்வீடனில் 1940இலிருந்து ஒன்று வருகிறது. அதில் பவுல் சுற்றும், உள்ளே ஓர் உருளை மாவை ஓரத்தில் அழுத்தும். அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். "இது நம்ம கிரைண்டருங் கண்ணு," என்றார், அவ்வளவு சந்தோஷத்தோடு.

கடையில் என்ன பார்ப்பது? தலையை இறக்கிப் பூட்டிவிட்டு, மூக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். வெறுமனே இருக்கும்போதே ஆடினால், மாவு உள்ளே போனதும் குதிக்கும். எடையைப் பாருங்கள். பத்து கிலோ பக்கம் இருக்கும் மிஷின் மேடையில் நகராது. மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, கொக்கி எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். ஒன்றாம் நம்பரிலேயே விர்ரென்று கிளம்பும் மிஷினில் மைதா போட்டால் முகமெல்லாம் வெள்ளையாகிவிடும், பிசைவதும் சரிப்படாது. கேக்குக்கான பீட்டர் வெறும் அலுமினியமாக இருந்தால் டிஷ்வாஷரில் போட்டுக் கழுவியதும் நிறம் மாறி, துடைத்தால் கருப்பு ஒட்டும். ஸ்டீல் என்றால் அந்த வெசனமே இல்லை. ஓரத்தில் சிலிக்கான் பட்டை வைத்த பீட்டர் தனியாகக் கிடைத்தால் அதையும் வாங்குங்கள். ஊத்துக்குளி வெண்ணெயையும் நாட்டுச்சர்க்கரையையும் அடிக்கும்போது பவுலில் ஒட்டியதை அதுவே வழித்துவிடும், நிறுத்தி நிறுத்திக் கரண்டி போட வேண்டியதில்லை.

இன்னொரு சோதனைக்கு ஒரு ரூபாய்க் காசு போதும். காய்ந்த பவுலில் காசைப் போட்டு, தட்டை பீட்டரை மாட்டி, குறைந்த வேகத்தில் விடுங்கள். பீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் காசை ஒரு விரல்கடை அளவு நகர்த்திவிட்டுப் போக வேண்டும். தொடவே இல்லையென்றால் பீட்டர் உயரத்தில் நிற்கிறது, அடியில் மாவு கலக்காமல் கிடக்கும். காசை விடாமல் இழுத்துக்கொண்டே போனால் ரொம்பத் தாழ்ந்திருக்கிறது, பவுல் கீறும். உயரத்தைச் சரிசெய்ய ஒரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று கேளுங்கள். தலை சாயும் மாடல்களில் அது பெரும்பாலும் தலையைத் தூக்கினால் கழுத்துப் பக்கம் தெரியும். கால் சுற்று திருப்பினாலே வித்தியாசம் வரும். எனக்குத் தெரிந்து இந்த ஸ்க்ரூ இருப்பதே பலருக்குத் தெரியாது. "அடியில கலக்கவே மாட்டேங்குது" என்று மிஷினை ஓரங்கட்டி வைத்திருந்த ஒரு நங்கை வீட்டில் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அவங்க வாராவாரம் தேன் கேக் போடுகிறாங்க.

வீட்டில் வைக்கும் இடத்தையும் அளந்துகொண்டு போங்கள். தலையைச் சாய்த்தால் ஒன்றரை அடி உயரம் வேண்டியிருக்கும். மேலே அலமாரி இடித்தால் மிஷினை ஒவ்வொரு தடவையும் முன்னால் இழுக்க வேண்டும், ரெண்டு வாரத்தில் அலுத்துப்போய் மூட்டை கட்டிவிடுவீர்கள். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெட்டல் பாடி, ஈரக்கை, எர்த் இல்லாத பழைய வீடு, இது மூன்றும் சேரக் கூடாது. பொழுதோட வோல்டேஜ் இறங்கும் தோட்டத்து வீடுகளில் பிசையும் வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது மோட்டாருக்கு நல்லது.

வாரத்தில் அஞ்சாறு நாள், மொத்தம் பத்து கிலோ மைதாவுக்கு மேல் என்று வியாபாரம் வளர்ந்தவர்களுக்கு அழகான வீட்டு மாடல்கள் வேண்டாம். பி-7 என்ற பெயரில் 7 லிட்டர் பிளானட்டரி விற்கிறார்கள். பார்க்க முரடு, சத்தமும் அதிகம், ஆனால் பேக்கரிக்காரர்கள் மிஷின் வம்சம். ரிப்பேர் என்றால் கோயம்புத்தூரில் கை வைக்க ஆள் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விஷயம். என் ரெண்டாவது மிக்சரை வாங்கும்போது ரெண்டு மாடலில் ஒன்று பத்தாயிரம் குறைவாக இருந்தது. ஆனால் அதன் சர்வீஸ் சென்டர் சென்னையில். கூடக் கொடுத்து மற்றதை எடுத்தேன். நாலு வருஷத்தில் ஒரு தடவை பிரஷ் மாற்றியதோடு சரி.

வாங்கி வந்ததும் முதல் மாவு அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். பிசைய ஒன்று அல்லது ரெண்டாம் வேகம், அதற்கு மேலே போகாதீர்கள். சித்திரை வெயிலில் பாலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றுங்கள். பிசையப் பிசைய மாவு தானாகவே சூடேறும், முடிக்கும்போது 26, 27 டிகிரிக்குள் இருந்தால் பன் மெத்தென்று வரும். கொக்கியின் தண்டிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் இறங்கினால் பயப்பட வேண்டாம், வெயில் காலத்தில் கியர் கிரீஸ் பிரிந்து வருவது. துடைத்துவிட்டு ஓட்டுங்கள். அடிக்கடி வந்தால் மட்டும் கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் சத்தத்தைக் கேட்கப் பழகுங்கள். எங்கப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டே கிரைண்டர் சத்தத்தை வைத்து, "அம்மிணி, மாவு இறுகுது, தண்ணி ஊத்து" என்பாங்க. மிக்சரும் அப்படித்தான் பேசும். மாவு சேர்ந்து உருண்டையானதும் பவுலில் தப் தப்பென்று அடிக்கும், அது நல்ல சத்தம். மோட்டாரின் குரல் இறங்கி முனக ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். மாவில் பாதியை எடுத்துத் தட்டில் வைத்து ஈரத்துணியால் மூடிவிட்டு, மீதியைப் பிசைந்து முடித்து, பத்து நிமிஷம் மிஷினை ஆறவிட்டு, அப்புறம் அந்தப் பாதியைப் போடுங்கள்.