கூடப்பிறந்தவரா, பங்காளியா? கொள்ளுத்தாத்தா காலத்து உறவைத் துலக்குவது எப்படி

"பாகூர்க்காரர் எங்க மாமனாருக்குத் தம்பி" என்று பாட்டி சொன்ன ஒரே வரியை நம்பி இரண்டு வருஷம் அலைந்தேன். அவர் தம்பிதான், பொய்யில்லை. ஆனால் சித்தப்பா மகன். நம் பேச்சில் ஒன்றுவிட்டவரும் தம்பிதான், பங்காளி வீட்டுப் பையனும் தம்பிதான். அதனால் 1800-களில் வாழ்ந்த இரண்டு பேர் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று தேடக் கிளம்புகிறவர்கள் அந்தச் சொல்லைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். "அவர் இவருக்கு அண்ணனா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "அந்த வீட்டில் நாம் பெண் எடுத்திருக்கிறோமா, கொடுத்திருக்கிறோமா?" என்று கேளுங்கள். கொள்வினை கொடுப்பினை இருந்தால் இரண்டு வீடும் மாமன் மச்சான் முறை. அப்போது மூலத்தில் இருப்பவர்கள் அண்ணன் தம்பியாக இருக்க வாய்ப்பு குறைவு. அக்கா தம்பியாகவோ அண்ணன் தங்கையாகவோ இருக்கலாம். முறை பங்காளி, குலதெய்வமும் ஒன்று என்றால் ஆண்வழி உறவைத் தேடலாம். எல்லாச் சமூகத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இதைக் கைவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், அப்பா, அம்மா, ஊர், வருஷம், அந்தத் தகவல் எங்கே கிடைத்தது. அம்மா பெயருக்கான இடத்தைக் காலியாகவாவது விட்டு வையுங்கள். இரண்டு தாரம் கட்டிய வீடுகள் அன்றைக்கு நிறைய. அப்பா பெயர் ஒன்று என்பதால் மட்டும் கூடப்பிறந்தவர் ஆகிவிட முடியாது.

புதுச்சேரிப் பக்கம் வேர் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பிரான்சின் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் ('ஆனோம்'), பழைய எத்தா சிவில் பதிவேடுகளை, அதாவது பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளை, படமாக எடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊர், வருஷம் கொடுத்துத் தேடலாம். பிரெஞ்சு எழுத்தர் 'உ' ஒலிக்கு 'ஓ', 'யூ' (ou) என்று இரண்டு எழுத்து போடுவார். கடலூரில் ஆங்கிலத்தில் எழுதியவர் 'யூ' (u) மட்டும் போட்டிருக்கலாம். ஒரே முத்துசாமி இரண்டு ஊரில் இரண்டு ஆள் போலத் தெரிவார். குழப்பம் வந்தால் பக்கத்தின் அடியைப் பாருங்கள். அங்கே சாட்சிகள் சிலர் தமிழிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பதிவைத் தலைப்போடு விட்டுவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள். கல்யாணப் பதிவில் சாட்சியின் வயது, தொழில், ஊரோடு சில சமயம் உறவும் இருக்கும். நொத்தேர் (பத்திரம் எழுதிச் சான்று தரும் பிரெஞ்சு அதிகாரி) எழுதிய பத்திரங்களில் இன்னும் நுணுக்கம் கிடைக்கலாம். அண்ணன் தம்பியைக் குறிக்கும் 'ஃப்ரேர்' என்ற சொல்லோடு 'ஜெர்மேன்' இருந்தால் அப்பா அம்மா இருவரும் ஒன்று. 'கோன்சாங்கேன்' என்றால் அப்பா மட்டும் ஒன்று, 'யுத்தேரேன்' என்றால் அம்மா மட்டும். இந்த மூன்று சொற்களையும் நோட்டின் அட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு சிக்கல் 1881-ஆம் ஆண்டு ஆணை. அதன்படி தங்கள் சொந்தச் சமயச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு பெயர், தம்பி வேறு பெயர் எடுத்திருக்கலாம். ஒருவர் துறந்து மற்றவர் துறக்காமலும் இருந்திருக்கலாம். 1881-க்குப் பிறகு குடும்பப் பெயர் பொருந்தவில்லை என்பதற்காக ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

கடலூர்ப் பக்கம் நிலைமை வேறு. 1871 குடிக்கணக்கில் (சென்சஸ்) ஆள்வாரித் தாள் கிடைக்குமா என்று தேட வேண்டாம், தொகைக் கணக்குதான் மிஞ்சியிருக்கிறது. நம்மைக் காப்பாற்றுவது பத்திரங்கள். 1864-இல் பதிவுச் சட்டம் வந்த பிறகு நிலம் கைமாறியது, பாகம் பிரித்தது எல்லாம் பதிவாகத் தொடங்கின. ஆவண எண்ணும் வருஷமும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்பது சுலபம். அதனால் முதலில் வீட்டு டிரங்குப் பெட்டியைத் துழாவுங்கள்.

பழைய பத்திரத்தில் ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. வருஷப் பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876-77 ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷம் முந்திய 1816-17 ஆகவும் இருக்கலாம். உடன் வரும் ஆட்களின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெயரிலும் இதே கதை. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பதால் அண்ணன் மகனும் தம்பி மகனும் ஒரே பெயரில் இருப்பார்கள். மூத்த குழந்தை இறந்து, அடுத்ததற்கு அதே பெயரை வைத்த வீடுகளும் உண்டு. ஒரே அப்பாவுக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவு கிடைத்தால் இடையில் ஓர் இறப்புப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பாகூர்க்காரர் விஷயம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில்தான் தெளிந்தது. கடலூருக்குப் பக்கத்து நிலம், மூன்று பேர் பெயர். மூவரும் அண்ணன் தம்பி என்று நினைத்துத்தான் படித்துக்கொண்டு போனேன். பாகம் எழுதிய இடத்தில் என் கொள்ளுத்தாத்தாவுக்குக் கால், அவர் தம்பிக்குக் கால், பாகூர்க்காரருக்கு அரை என்று இருந்தது. மூவரும் ஒரே அப்பா பிள்ளைகள் என்றால் மூன்றில் ஒன்றாகத்தானே பிரிந்திருக்கும்? முந்திய தலைமுறையில் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. ஒருவருக்கு இரண்டு மகன்கள், இன்னொருவருக்கு ஒரே மகன். பேச்சில் தம்பி என்று முடிந்துபோன உறவு, நிலம் என்று வந்ததும் வீசம் பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது.

பாகூர்க்காரரின் அம்மா பெயர் மட்டும் என் நோட்டில் இன்னும் காலிதான். பாகூர் அன்றைக்குப் பிரெஞ்சுப் பகுதி என்பதால் அடுத்தது அவருடைய கல்யாணப் பதிவைத் தேட வேண்டும்.